தாமிராவின் நிழலில் பொங்கிய மாவு

எங்கள் ஊரில் மாவு புளிக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலையேறி வருகிற அரிசியும் உளுந்தும் கீழே பொங்குவதைப் போல இங்கே பொங்குவதில்லை. ஊறவைத்து, அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, கம்பளி சுற்றி, அடுப்போரம் உட்காரவைத்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் படுத்தாலும், காலையில் திறந்து பார்த்தால் அரைத்தது அரைத்தபடியே, கோபித்துக்கொண்ட நாத்தனாரைப் போல, முகம் தூக்காமல் கிடக்கும். கைச்சூடு உள்ளவர்கள் கரைத்தால் புளிக்கும் என்பார்கள். என் கை குளிர்ந்த கை. "கான்வென்ட் கை கண்ணு உன்றது. பேனா புடிச்சே வெறச்சுப் போச்சு, அதுல எப்புடி மாவு பொங்கும்?" என்று பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்கா என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

தேயிலைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் எங்களுடையது. எட்டு வீடுகள், நடுவில் ஒரு சிமென்ட் முற்றம், சுற்றிலும் சரிவு, சரிவெல்லாம் தேயிலை, தேயிலைக்கு மேல் வருஷத்தில் பாதி நாள் மஞ்சு, மலையின் மூடுபனி. இங்கே மைக்ரோவேவ் வாங்கியவர்கள் முதலில் அதில் சமைப்பதில்லை, மாவு வைப்பார்கள். ஒரு டம்ளர் வெந்நீரோடு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், ஓடாத பெட்டிக்குள் கதகதப்பு விடியும்வரை தங்கும். என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்த மைக்ரோவேவும் அப்படித்தான் மூன்று வருஷமாகப் பகலில் பால் சுடவைக்கிற பெட்டியாகவும் இரவில் மாவு தூங்குகிற அலமாரியாகவும் இருந்தது. கமலவேணி அக்கா வீட்டில் அது இல்லாததால் அவளுடைய எவர்சில்வர் மாவுப் போசியும் என் வீட்டில்தான் தூங்கும்.

வாங்கிய புதிதில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். எவர்சில்வர் வைக்காதீங்க மேடம், முட்டையை ஓட்டோட வைக்காதீங்க, காலியா ஓட்டாதீங்க, ஓடும்போது குழந்தைங்க கதவுல சாயக் கூடாது, பாலைக் கலக்கிட்டு மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். நான் இங்கிலீஷ் மீடியம் ஆயிற்றே, இவள் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும் என்று, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, அவள் காலில் போட்டிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். என் மகள் தாமிராவுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. மைக்ரோவேவ் சமையலறைத் தரையிலேயே ஒரு தாழ்ந்த மர ஸ்டூலில் இருக்கும், மேடையில் இடமில்லை. அதற்குள் தட்டு சுற்றுவதைப் பார்ப்பதென்றால் அவளுக்கு உயிர். கண்ணாடியில் மூக்கைப் பதித்து, இரண்டு கையாலும் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள், நானும் விட்டுவிடுவேன், அந்த ஒரு நிமிஷமாவது காலைச் சுற்றாமல் இருக்கிறாளே என்று. அன்றைக்கு என்னோடு படித்த ஒருத்தி போனில் இருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பால் டம்ளரோடு கதவைத் திறந்தேன். உள்ளே, கமலவேணி அக்கா காலையில் எடுத்துப்போகாமல் விட்ட போசி இருந்தது. பார்க்காமல் இல்லை. பார்த்தேன். அரை நிமிஷம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று டம்ளரைப் போசிக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்துக் கதவைச் சாத்தி, கதவோடு மகளும் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே, பொத்தானை அழுத்தினேன்.

நீலமாய் ஒரு மின்னல் மூடியின் விளிம்பில் ஓடியது, பிறகு ஒன்பது பத்து மின்னல், பொரி பொரிகிற சத்தம், அந்த வெளிச்சம் முழுக்க என் மகளின் முகத்தில். நான் போனைப் போட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, இன்னொரு தடவை என்பது போல விரலைக் காட்டிச் சிரித்தாள். தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அவளைத் தூக்கக் குனிந்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் விழுந்திருந்த அவள் நிழலில் என் வெறுங்கால் பட்டது. நிழல், இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்த துணியைப் போலச் சுட்டது.

போசியின் மூடியில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. தேய்த்தேன், போகவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன். கணவர் திவாகர் ஷிஃப்ட் முடிந்து வந்து பெட்டி ஏன் கருகல் வாசம் அடிக்கிறது என்று கேட்டபோது, கரண்ட் ஏறி இறங்கியது என்றேன். மறுநாளே அவர் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்து மாட்டினார். அதன் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் எனக்குக் காது சுட்டது.

நிழலை முதலில் கண்டுபிடித்தது தொழிற்சாலைப் பூனை. அது தாமிரா போகிற இடமெல்லாம் போய், அவள் நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்துச் சுருண்டது. அடுத்தது கமலவேணி அக்கா. மாவுப் போசியை என் சமையலறைத் தரையில் வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்தவள், பேச்சு முடிவதற்குள் மூடி எழும்பி 'டங்' என்று கீழே விழ, மாவு நுரைத்துப் பொங்கி வழிவதைப் பார்த்தாள். விளக்குக்கும் போசிக்கும் நடுவில் தாமிரா பொம்மையோடு நின்றிருந்தாள். அக்கா நிழலில் கையை வைத்துப் பார்த்தாள், திருப்பி வைத்துப் பார்த்தாள், பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏங்கண்ணு, நாளைக்கு ஆப்பத்துக்கு ஊறப் போடட்டுமா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் அதிசயப்படவில்லை. மலையில் இருப்பவர்களுக்குச் சூடு எங்கிருந்து வந்தால் என்ன, வந்தால் போதும். மறுநாள் காலை ஆறு பாத்திரங்கள் என் வாசலில் நின்றன, மறுவாரம் எட்டு வீட்டுப் பாத்திரங்களும் நின்றன. தாமிராவை ஒரு சின்ன நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் விளக்கை நகர்த்தி நகர்த்தி, நிழலை நீட்டி அகட்டிப் பாத்திரங்களின் மேல் போர்த்தக் கற்றுக்கொண்டார்கள். தலை நிழலில் வைத்தால் ஆப்ப மாவு, வயிற்று நிழலில் இட்லி மாவு, கால் நிழலில் வைத்தது தோசைக்குத்தான் ஆகும் என்று ஒரு சாத்திரம் தானாக உருவானது. தலைப் பக்கத்துக்குச் சண்டைகூட வந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கிற பிரிஜிட் டீச்சர், ரிட்டயரானவர், மூட்டு வலிக்காரர், மாலையில் வந்து முழங்காலை நிழலில் நீட்டிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவார். அவர் தாமிராவுக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவந்தார், உச்சியில் தேங்காய் அளவு குஞ்சத்தோடு.

"டீச்சருக்குக் கொழந்தை மேல எத்தன பாசம்!" என்றாள் கமலவேணி அக்கா. "குஞ்சம் பெருசா இருந்தா நெழலும் பெருசா இருக்கும் பாருங்."

"கர்த்தர் உனக்கு நல்ல நாக்கைக் குடுத்தார் கமலவேணி, கொஞ்சம் சின்னதாக் குடுத்திருக்கலாம்" என்றார் டீச்சர், காலை மடக்காமலே.

கடைசி வீட்டு ஷம்ஷாத்துக்குப் பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆடி மழையில் குழந்தையின் துணி எதுவும் காயாமல், ஈரத்தின் நாற்றம் வீடெல்லாம் ஏறிப் போயிருந்தவள், முதல் தடவை தாமிராவின் நிழலில் துணிகளை விரித்து அவை காய்வதைப் பார்த்தபோது அழுதாள். குறை மாதத்துக் குழந்தை, உள்ளங்கை அகலம்தான் முதுகு. துணிக்குப் பிறகு குழந்தையையே கொண்டுவந்து நிழலில் படுக்கவைத்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

எல்லோரும் என் வீட்டுக்கு எதையாவது கொண்டுவந்தார்கள். பொங்கிய மாவில் முதல் இட்லி எனக்குத்தான். "நீ எந்த ஜென்மத்துல என்ன புண்ணியம் பண்ணினியோ" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். நான் சிரித்தேன். பாதி இட்லியை மூடி வைத்தேன்.

ஏனென்றால் இரவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படுப்பவள் நான் ஒருத்திதான். அந்தக் கை நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டிருந்தது. முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கை, பிறகு பாதம், விடிகாலையில் குழாயைத் தொட்டது போல. டாக்டர் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து, கொஞ்சம் குறைவுதான், சாக்ஸ் போடுங்கள் என்றார். திவாகரோ, "மலைக் கொழந்தைங்க கை இப்படித்தான் இருக்கும் நளா, உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார். பயம்தான். எங்கள் பள்ளியில் சிஸ்டர் ஒருவர் படுக்கப்போகுமுன் எங்களை முழங்காலில் நிறுத்தி, இன்றைக்கு எதைப் பார்த்தும் பார்க்காதவளாகப் போனாய் என்று தன்னைத் தானே கேட்கச் சொல்வார். நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடேயே மலைமேல் குடிவந்துவிட்டது.

சின்னக் குழந்தைக்குச் சூட்டைக் காட்டி, "சூ! தொடாதே!" என்று சொல்லித்தருவோமே, தாமிராவும் அதை அழகாகச் சொல்வாள், டீ டம்ளரைப் பார்த்தாலே உதட்டைக் குவித்து "சூ!" என்பாள். அந்தச் சொல் அவளிடமிருந்து போய்விட்டது. ஒரு காலை, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அலறிக்கொண்டு இழுத்தேன். கை சிவக்கவில்லை. அவள் கை பட்ட கல்தான் ஆறிப்போயிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதென்றால் நிழல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், போசியைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அவள் கதவோடு நின்றதைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். புண்ணியவதி என்று கன்னத்தை வழித்தவர்கள் அதே கையை என்ன செய்வார்கள்? அதனால் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று, ஆடி போய் ஆவணி வந்த பிறகும், காலையில் நானே நாற்காலியைப் போட்டேன், நானே விளக்கை நகர்த்தினேன்.

பிறகு ஒரு நாள் ஷம்ஷாத்தின் குழந்தை நிழலில் கண்ணை மூடிக் கன்னம் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் இருந்த என் குழந்தை நடுங்கினாள். உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. அவள் அழவில்லை, பழகிவிட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நான் அவளை நாற்காலியோடு வாரி எடுத்தேன். நிழல் விலகியதும் தரையில் இருந்த சிசு வீறிட்டது. ஷம்ஷாத் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் தாண்டிப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எதிரில் மைக்ரோவேவ் இருந்தது. அப்போதுதான் அந்தக் கம்பெனிப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது, மூன்று வருஷம் தாமதமாக.

"மணி அடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு இல்ல மேடம். சூடு அப்பவும் உள்ள நடந்துட்டேதான் இருக்கும். உடனே தொட்டுக் கிளறி எடுத்துராதீங்க. கொஞ்ச நேரம் தன்பாட்டுல விட்டாத்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்."

நாங்கள் அவளை ஒரு நாளும் தன்பாட்டுக்கு விடவில்லை. மின்னல் நின்றதிலிருந்து இந்த நிமிஷம்வரை யாராவது திறந்து, தொட்டு, எடுத்துக்கொண்டே இருந்தோம். சூடு நிழல்வரை வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், போகிற வருகிறவர்களின் பாத்திரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

நிழல் முழுக்கக் காலடிக்கு வந்தால் உள்ளே ஏறிவிடும் என்று தோன்றியது. விளக்கை உச்சிக்கு நேராகக் கட்டிப் பார்த்தேன், பலனில்லை. கரண்டில் போனது கரண்டில் திரும்பாது. வெயில் வேண்டும், உச்சி வெயில். ஆவணியில் எங்கள் மலைக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவான், நடுப்பகலில் கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. மஞ்சு மட்டும் விலக வேண்டும்.

மறுநாள் பாத்திரங்களோடு வந்தவர்களை முற்றத்திலேயே நிறுத்தினேன். திவாகரும் வாசலுக்கு வந்திருந்தார். "இன்னிக்கு யாரும் நிழல்ல எதுவும் வெக்க வேண்டாம். இனிமே எப்பவும் வேண்டாம்" என்றேன்.

"ஏனாம்?" என்றாள் கமலவேணி அக்கா, இடுப்பில் போசியோடு. "என்ற வூட்டுக்காரருக்கு இட்லின்னாத்தான் எறங்குது. திடீர்னு இப்புடிச் சொன்னா?"

சொன்னேன். பள்ளியில் தப்புச் செய்தவள் அசெம்பிளியில் சொல்வது போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போன், டம்ளர், போசி, மூக்கைப் பதித்து நின்ற குழந்தை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பார்க்காமல் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே செய்தேன் என்பதையும் சொன்னேன். அவள் உடம்பின் சூட்டைத்தான் இத்தனை நாளாக எட்டு வீடும் தின்கிறோம் என்றேன். முற்றத்துத் திண்டில் உட்கார்ந்திருந்த டீச்சர் நீட்டியிருந்த காலை மடக்கினார், வலிக்க வலிக்க.

அக்கா போசியின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "என்ற போசியா? இந்தக் கறுப்புப் புள்ளி அதுதானா? எலி கடிச்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

"எவர்சில்வரை எலி கடிக்குமாக்கா?" என்றாள் ஷம்ஷாத்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா போசியைத் தரையில் வைத்தாள். "நாந்தான அத உன்ற வூட்டுல கொண்டாந்து வெச்சேன். அப்பப் பாதிப் பாவம் என்றது. குடு இங்க."

"பாவத்தைப் பாதி பாதியாப் பிரிக்கிற வழக்கம் எந்தச் சபையிலயும் இல்ல கமலவேணி."

"எங்கூர்ல உண்டுங் டீச்சர்."

எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பாதியைக் கொடுத்தால் மீதியைத் தாங்கிவிடலாம் என்று ஆகிவிடும். திவாகர் உள்ளே போனார், ஸ்டெபிலைசரைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஷம்ஷாத் மட்டும் நின்றாள். இனி தன் குழந்தைக்குச் சூட்டுக்கு எங்கே போவது என்று கேட்காமல், அதன் சட்டையைக் கழற்றித் தன் ரவிக்கைக்குள் நெஞ்சோடு இறக்கி, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டாள். "என் சூடு போதாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திண்டில் போய் உட்கார்ந்தாள்.

காத்திருந்தோம். மஞ்சு முற்றத்தை நிறைத்துக்கொண்டு, எதிர் வீட்டுக் கதவே தெரியாமல், ஒரு பெரிய பசு அசைபோட்டுக்கொண்டு படுத்திருப்பது போலப் படுத்திருந்தது. எட்டு வீட்டாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். மாவு எல்லாம் வெறும் குளிரில் இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதியது. பிறகு, எங்கே என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் மஞ்சு கிழிந்து, வெயில் செங்குத்தாக இறங்கியது.

தாமிராவை முற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். தொப்பியைக் கழற்றினேன். அவள் நிழல் அவளை நோக்கிச் சுருங்கி, இடுப்பளவாகி, முழங்காலளவாகி, பாதத்தைச் சுற்றி ஒரு தட்டு அளவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பூனை வந்தது, அவள் அதைப் பிடிக்க ஓடப் பார்த்தாள். நான் தரையில் விழுந்து இரண்டு கையாலும் அவள் பாதங்களைப் பிடித்தேன். என் உள்ளங்கைகள் நிழலுக்குள் இருந்தன. இஸ்திரித் துணியின் சூடு அல்ல இப்போது. எட்டு வீட்டு அடுப்பும் ஒரே இடத்தில் எரிவது போல இருந்தது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஓடிவிடுவாள். தோல் கருகுகிறது என்றே நினைத்தேன், அப்படியும் எடுக்கவில்லை. சுற்றி எட்டு வீட்டார், உதவிக்கு ஓடிவரத் துடிக்கிறவர்கள், ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்காமல் நின்றார்கள். அவளைத் தன்பாட்டுக்கு விடச் சொல்லியிருந்தேன். விட்டார்கள்.

பாதம் முதலில் சிவந்தது. பிறகு முழங்கால், கை, கழுத்து. உதட்டின் நாவல் நிறம் வடிந்தது. அவள் குனிந்து, வெயிலில் காய்ந்த சிமென்ட்டைத் தொட்டு, சடக்கென்று கையை எடுத்து, உதட்டைக் குவித்தாள்.

"சூ!"

கமலவேணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் மஞ்சு மூடிவிட்டது.

அந்த வாரம் எட்டு வீட்டிலும் இட்லி கல்லாக இருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை, அக்கா மட்டும், "இத வெச்சுச் சுவரு கட்டலாம், மழைக்கும் கரையாது" என்றாள்.

மைக்ரோவேவை நான் தூக்கிப் போடவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. இப்போது அது மேடைக்கு மேல் அடித்த பலகையில், என் தோள் உயரத்தில் இருக்கிறது. அதில் மாவு தூங்குவதில்லை. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, பிறகுதான் எதையும் வைக்கிறேன். பாலைக் கலக்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு விடுகிறேன். அது ஓடும்போது தாண்டக் கூடாது என்று தரையில் கோலமாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தாமிரா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம், டீச்சரைக்கூட, கை நீட்டித் தடுத்து "சூ!" என்கிறாள்.

என் கையில் கொப்புளம் வரவில்லை. ஆனால் உள்ளங்கை அன்றிலிருந்து ஆறவில்லை. முதலில் கவனித்தது அக்காதான். சும்மா இருக்கிற கையால் கொஞ்சம் கரைத்துத் தா என்று போசியை நீட்டினாள், கரைத்துத் தந்தேன், விடிகாலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. "கான்வென்ட் கைக்கு என்னாச்சு கண்ணு?" என்றவள், கையைப் பிடித்துப் பார்த்தாள். இப்போது சாயங்காலமானால் எட்டுப் பாத்திரங்கள் என் வாசலுக்கு வருகின்றன. ஒவ்வொன்றிலும் முழங்கைவரை கையை விட்டுக் கரைத்துக் கொடுக்கிறேன். எடுத்துக்கொள்ளட்டும், இது என்னுடையது. இட்லி மட்டும் யாரிடமும் வாங்குவதில்லை.

இதை எழுதுகிறபோது அவள் பக்கத்தில் தூங்குகிறாள். விடிவிளக்கில் அவள் நிழல் சுவரில் விழுந்திருக்கிறது. நடுநடுவே பேனாவை வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். சுவர் குளிராக இருக்கிறது, மலையில் சுவர் எப்படி இருக்குமோ அப்படி. பிறகும் நம்பிக்கை வராமல் அவள் கன்னத்தில் கையை வைக்கிறேன். தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்து, என் கையைத் தள்ளிவிட்டு, "சூ" என்கிறாள்.